ஒரு ஆளுக்கு அரைக் கூறு மீன்

தம்பிக்கு,

அப்பா சாப்பிட்டுவிட்டேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் "ஆச்சுப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். என்ன சாப்பிட்டாய் என்று அடுத்த கேள்வி கேட்டால் அந்த நேரம் பார்த்து உனக்கு சிக்னல் போய்விடுகிறது. நான் உப்பளத்து மைதானத்தில் வருஷக்கணக்காகப் பையன்களை ஓடவிட்ட பி.டி. வாத்தியார். ஓடாமலே ஓடினேன் என்று வந்து நிற்கிறவனை அவன் மூச்சைப் பார்த்தே பிடித்துவிடுவேன். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்கிறவனைக் குரலிலேயே பிடித்துவிட முடியாதா? கடிதத்தில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, நடுவில் நீ "சரிப்பா, வச்சுடட்டா" என்று சொல்ல முடியாது. அதனால் பொறுமையாகப் படி. படிக்கும்போது பக்கத்தில் தின்பதற்கு ஏதாவது வைத்துக்கொள்.

போன வாரம் பேசும்போது சிரிப்புக்காக ஒரு விஷயம் சொன்னாய். அங்கே பிரான்சில் நீயும் சில்வியும் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடைக்கு அவள் பிரிந்துபோன பிறகு முதல்தடவையாகப் போயிருக்கிறாய். கடைக்கார அண்ணன் உன்னைப் பார்த்ததும் எப்போதும்போல பெரிய அரிசி மூட்டையைத் தூக்கி உன் தள்ளுவண்டியில் வைத்திருக்கிறார். கேட்காமலே சில்விக்குப் பிடித்த கைமுறுக்குப் பாக்கெட் இரண்டையும் மேலே போட்டு, தங்கச்சியை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டிருக்கிறார். நீ அவளுக்கு வேலை என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து, மூட்டையை இழுத்துக்கொண்டு மெட்ரோ ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாய். "மூட்டை அப்படியே கிடக்குதுப்பா. ஒரு ஆளுக்கு எவன் சமைப்பான்? இங்க பேக்கரியில பாதி ரொட்டி கேட்டாக்கூட வெட்டிக் குடுப்பான். அத தின்னுட்டுப் படுத்துக்கிறேன்" என்றாய். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு தட்டில் இருந்த சோறு எனக்கு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று சொல்கிறேன். நீ சில்வியைக் கட்டியபோது, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் ஊர் நேஷனாலிட்டி வீட்டில் சம்பந்தம், வாத்தியார் மகன் விமானம் ஏறிவிட்டான் என்று தெருவே பேசியது. உன் அம்மாவுக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமை, எனக்கு உன்னை அனுப்புகிற வயிற்றெரிச்சல். இப்போது நீங்கள் ஆளுக்கொரு வீடு. யார் மேல் தப்பு என்று நான் கேட்கப்போவதில்லை. சில்வியும் நல்ல பெண்தான், அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதை நான் மறக்கமாட்டேன். நான் பேச வந்தது அந்த மூட்டையைப் பற்றி. அதே மாதிரி மூட்டையை நானும் இழுத்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்தால் நேராகப் பெரிய மார்க்கெட் என்பது உனக்குத் தெரியும். பை தூக்குவது என் வேலை, மற்றதெல்லாம் அம்மா வேலை. மீன் என்றால் அஞ்சலையிடம் மட்டும்தான் வாங்குவாள். கனகசெட்டிக்குளத்திலிருந்து விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வருகிற அதே அஞ்சலைதான், உன் கன்னத்தைக் கிள்ளியே சிவக்க வைப்பாளே. அவள் பலகையில் மீனைக் கூறு கூறாகக் குவித்து வைத்திருப்பாள். நமக்கு எப்போதும் இரண்டு கூறு. அம்மா விலையைக் குறைத்துக் கேட்பாள், அஞ்சலை கோபித்துக்கொண்டு மீனைத் திரும்ப எடுப்பதுபோல எடுப்பாள், அம்மா இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்புவாள், கடைசியில் கொசுறாக ஒரு பிடி நெத்திலி பையில் விழும். இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு. நான் வெயிலில் நின்று அலுத்துக்கொள்வேன்.

அம்மா போன பிறகு நான் தனியாகப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலை கத்தியைக் கழுவிக்கொண்டே, "இன்னா வாத்தியாரே, அக்கா வரல?" என்று கேட்டாள். எனக்கு வாயில் வந்தது, "கால் வலி. வீட்ல இருக்கா." அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவள் வழக்கம்போல இரண்டு கூறை வெட்டிக் கழுவிக் கொடுத்தாள், அக்காவுக்கு என்று நெத்திலியும் போட்டாள். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். அதற்கடுத்த வாரம் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொன்னாள். நான் சரி என்று தலையாட்டினேன். இப்படியே போனது. ஒரு ஆள் தின்னுகிற வீட்டுக்கு வாராவாரம் இரண்டு கூறு மீன். இரண்டு துண்டு வறுப்பேன், மீதி ஃபிரிட்ஜில் ஏறும், அங்கிருந்து பூனைக்குப் போகும். பிள்ளைகள் டிபன் பாக்ஸில் சோற்றை மிச்சம் வைத்தால் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றவிட்டவன் வீட்டில் மீன் நாறியது. மாடி வீட்டில் குடியிருக்கிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். காசு போவது தெரிந்தது, வீணாவது தெரிந்தது. ஆனால் அரைக் கூறு போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

நானே எனக்குச் சொல்லிக்கொள்ளப் பல நாள் ஆனது, தம்பி. அம்மா செத்துப்போனது தெருவுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும், ரேஷன் கடைக்குக்கூடத் தெரியும். அந்த மீன் பலகைக்கு மட்டும் தெரியாது. அங்கே போய் நின்றால் அவள் வீட்டில் இருக்கிறாள். கால் வலிக்கிறது, அவ்வளவுதான். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம் நான் பெண்டாட்டி உள்ளவன். அதற்காகத்தான் இரண்டு கூறு வாங்கினேன். உன் மூட்டையும் இதுதான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை, "அக்காவ ஒருநாளு ஆட்டோ வச்சாவது இட்டுக்கினு வா வாத்தியாரே. பாக்கணும்போல இருக்கு" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அரைக் கூறு குடும்மா, போதும்" என்றேன். கத்தி அப்படியே நின்றது. அக்கா என்று மட்டும் கேட்டாள். போயிட்டா என்றேன், எப்போது என்றும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு கோபம். "நீங்கள்லாம் அழுது முடிச்சிட்டீங்க. நான் இன்னிக்குத்தான ஆரம்பிக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, ஈரக் கையோடு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் விலை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்திக்கு அவள் சினேகிதி செத்த சேதியைக் கொடுக்காமல் நான் இத்தனை வாரம் என் சௌகரியத்துக்கு மறைத்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அங்கேயே நின்று அழுதேன், பையைக் கையில் பிடித்துக்கொண்டு, மார்க்கெட் நடுவில். யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூறை உடைத்து விற்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று வழக்கமான அதட்டலோடு சொன்னாள். சட்டைப்பையில் பேனா குத்தியிருந்த ஒருவர் பக்கத்தில் நின்றார், அவரைக் கூப்பிட்டு, "சார், நீயும் ஒண்டிதான? இந்தக் கூறுல பாதி நீ எடு, பாதி வாத்தியாரு எடுக்கட்டும்" என்றாள். அவர் செக்ரடேரியட்டில் கிளார்க், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அன்றிலிருந்து இன்றுவரை ஞாயிற்றுக்கிழமையானால் அவரும் நானும் பங்காளிகள். அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. அவருக்கு மீன் தலை பிடிக்கும், எனக்கு வால் பக்கம், அது தெரியும். ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் காத்து நிற்பார். மீன் வீணாவது அன்றோடு நின்றது, ஃபிரிட்ஜும் நாறவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். சமையலில் நான் செய்த கூத்துக்களைச் சொன்னால் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்கிவிடுவாள். அவளுடைய பெரிய சட்டியில் ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்தேன். சட்டியின் அடியில் குழம்பு இருக்கிற இடமே தெரியவில்லை, தெரிந்தபோது கருகிவிட்டிருந்தது. அதனால் நீ முதலில் செய்யவேண்டியது, ஒரு சின்னச் சட்டியும் சின்னக் குக்கரும் வாங்குவது. இரண்டு பேர் பாத்திரத்தில் ஒரு ஆள் சமையல் ஆகாது. அடுத்தது, கடைக்குப் போவதற்கு முன்னால் உன் ஃபிரிட்ஜைத் திறந்து பார். அது ஒரு கடை என்று நினைத்துக்கொண்டு அதில் முதலில் வாங்கு. பாதி வெங்காயம், வாடிய கேரட், முந்தாநாள் தயிர் எல்லாம் அங்கே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் என்ன செய்யலாம் என்று யோசித்துவிட்டு, குறைகிறதை மட்டும் வாங்க வெளியே போ. வெறும் வயிற்றோடு போகாதே. பசித்தவன் கண்ணுக்குக் கடையே தன் வீட்டுக்குத்தான் என்று தோன்றும்.

அங்கே பெரிய பாக்கெட் சல்லிசு என்கிறாய். இரண்டு வாங்கினால் ஒன்று சும்மா என்று எழுதிப் போடுகிறானாம். அந்தக் கணக்கு நாலு பேர் உள்ள வீட்டுக்கு. ஒண்டிக்கட்டைக்குச் சல்லிசு என்பது தின்று முடிக்கிற அளவுதான். குப்பைக்குப் போகிற பாதியை யாரும் உனக்குச் சும்மா தரவில்லை. கீரை மாதிரி வாடுகிற சாமானை முதல் இரண்டு நாளில் சமைத்துவிடு, கோஸும் கேரட்டும் நடு வாரத்துக்கு, உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாரக் கடைசிக்கு. பருப்பை ஒரு நாள் வேகவை. மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை இறுத்து அன்றைக்கே ரசம் வை, அடியில் இருக்கிற பருப்பை மறுநாள் கோஸோடு கூட்டாக்கு. ஒரே குழம்பை நாலு நாள் தின்னாதே, மூன்றாம் நாள் உனக்குக் குழம்பின் மேலும் வெறுப்பு வரும், உன் மேலும் வெறுப்பு வரும். மீன் குழம்பு மட்டும் விதிவிலக்கு. அது மறுநாள்தான் ருசி, அதை நீ சின்னவனாக இருக்கும்போதே சட்டியோடு வழித்து நிரூபித்தவன். அங்கே மத்தி டின்னில் கிடைக்கும் என்றாயே, அதைக்கூடப் புளியில் போட்டால் ஒரு மாதிரி ஏமாற்றலாம். தேங்காய்த் துருவலை மிச்சம் பண்ணி ஃப்ரீசரில் போடு. அரிசி மூட்டையில் நாலு காய்ந்த மிளகாயைப் போட்டுக் கட்டி வை, வண்டு வராது. இன்னும் நல்லது, உன் கட்டடத்தில் சோறு தின்கிறவர்கள் யாராவது இருந்தால் பாதியைக் கொட்டிக் கொடுத்துவிடு. அஞ்சலை எனக்கு ஒரு கிளார்க்கைப் பிடித்துக் கொடுத்ததுபோல அந்த மூட்டை உனக்கு ஒரு ஆளைப் பிடித்துக் கொடுக்கட்டும்.

சமைத்ததைச் சட்டியிலிருந்தே நின்றுகொண்டு தின்னாதே. இதை ஒரு வாத்தியாராக அதட்டிச் சொல்கிறேன். தட்டில் போடு, உட்கார், தண்ணீர் எடுத்து வைத்துக்கொள். ஒரு ஆளுக்கு எவன் சமைப்பான் என்று நீ கேட்டதற்கு எனக்குக் கோபமே வந்தது. அந்த ஒரு ஆள் யார்? என் பிள்ளை. நீ குழந்தையாக இருந்தபோது உனக்கு ஒரு கிண்ணம் பருப்புச் சோறு ஊட்ட அம்மா தெருமுனை வரைக்கும் நடப்பாள், காக்காயைக் காட்டுவாள், நடித்துக் காட்டுவாள், முழுசாக ஒரு மணி நேரத்தை உனக்காக வீணாக்குவாள். ஒரு ஆளுக்குத்தானே என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

நீ ஏன் ரொட்டிக் கடைக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். அவன் பாதி ரொட்டியை வெட்டிக் கொடுப்பான், நீ மெர்சி என்று ஒரு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். மீதிப் பாதி யாருக்கு என்று அவன் கேட்கமாட்டான். தமிழ்க் கடையில் கேட்பார்கள். அதனால்தான் அரிசி வீட்டில் கிடக்க நீ ரொட்டி தின்கிறாய். இந்த வாரக் கடைசியில் அந்தக் கடைக்குப் போ. பழையபடி மூட்டையைத் தூக்கினால் வேண்டாம் அண்ணே, ஒரு ஆளுக்குப் போதுமான அளவு கொடுங்கள் என்று சொல். சில்வி எங்கே என்று கேட்பார். பிரிந்துவிட்டோம் என்று சொல். அதைச் சொல்லும்போது முருங்கைக்காய், பெருங்காயம் எல்லாம் சுற்றி நிற்க நீ அழவும் அழலாம். அழுதால் அழு. அவருக்கும் வருத்தம் இருக்கும், உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தவர். அவர் வருத்தப்படவும் நீ இடம் கொடுக்கவேண்டும். சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து ஒரு கைப்பிடி அரிசி போட்டுப் பார், அன்றைக்குப் பசிக்கும்.

இவ்வளவு எழுதிவிட்டு, ஒண்டியாக வாழ்வதில் அப்பா தேர்ந்துவிட்டார் என்று நீ நினைத்துவிடக் கூடாது. ஜூலை, ஆகஸ்ட்டில் பிரான்சிலிருந்து வக்கான்ஸ் என்று லீவுக்கு வரும் குடும்பங்கள் பெட்டியும் குழந்தைகளுமாகத் தெருவில் இறங்கும்போது நான் வாசல் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பொறாமை, வேறென்ன? உன் வேலை, உன் லீவு, டிக்கெட் விலை எல்லாம் எனக்கும் தெரியும், அதனால் வா என்று ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. நீயாகச் சொல்வாய் என்று ஒவ்வொரு போனிலும் கடைசிவரை காத்திருப்பேன். நீ உடம்பைப் பார்த்துக்கோப்பா என்பாய். சரிடா என்பேன்.

போன வாரம், நீ அந்த மூட்டைக் கதையைச் சொன்னதற்கு மறுநாள், நோணாங்குப்பத்திலிருந்து உன் மாமா திடீரென்று வந்தார். போட் ஹவுஸ் பக்கத்தில் இருக்கிற தன் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஏதோ ஆபீஸ் வேலையாக வந்தவர், சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டினார். வா மாப்ள, சாப்பிடு என்று உட்காரவைத்து சின்னக் குக்கரைத் திறந்தேன். ஒரு ஆள் சோறு. ஒரு பருக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை அவருக்குப் போட்டுவிட்டு நான் அப்போதே சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன். அவர் சாப்பிட்டு ஏப்பம் விட்டு, சமையல் அக்கா கைமணம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பசியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. வீணாக்காமல் சமைக்கப் பழகிப் பழகி, இன்னொரு ஆள் உள்ளே வந்தால் கொடுப்பதற்கு ஒரு கவளம் இல்லாத வீடாக இதை ஆக்கிவிட்டேன். மறுநாள் இரண்டு பேருக்கு அரிசி எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு என்று கைக்குத் தெரியவில்லை. அள்ளுகிறேன், கொட்டுகிறேன், மறுபடி அள்ளுகிறேன். கை அந்த ஒரே அளவுக்குத்தான் போகிறது. அங்கே நீயும் இதே மாதிரி ஆகிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம்.

அதனால் கேட்டுவிடுகிறேன். தம்பி, ஒரு தடவை வா. எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன், பிறகு என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்கமாட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் வந்து கதவைத் தட்டு. சோறு பத்தாமல் போகட்டும். உன்னை உட்காரவைத்துவிட்டு இன்னொரு உலை வைக்கிறேன்.

உன் அப்பா